ஒரே வீடு, இரண்டு அடைப்பு: தாம்பரம் பக்கத்து டாய்லெட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தாம்பரத்துக்கு மேற்கே, பாதாளச் சாக்கடை இன்னும் எட்டிப் பார்க்காத ஒரு தெருவில் இருக்கிறது இந்த வீடு. தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற தம்பதி, மாடியில் இரண்டு குழந்தைகளோடு ஒரு வாடகைக் குடும்பம். செப்டம்பரில் ஒரு தடவை, நவம்பர் மழையில் ஒரு தடவை இங்கே டாய்லெட் அடைத்துக்கொண்டது. இரண்டு தடவையும் வீட்டுக்காரர் எனக்குப் போனில் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, தண்ணி இறங்க மாட்டேங்குது."

முதல் அடைப்பு வீட்டு ஆளே எடுத்துவிடக்கூடியது. இரண்டாவது அடைப்பு, பிளம்பர் வந்தும் தீராதது. கட்டடப் பராமரிப்புத் தொழிலில் இருப்பதால் இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடைப்பு எடுப்பது பெரிய வித்தையில்லை. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் கையை வைப்பதுதான் செலவையும் ஆபத்தையும் இழுத்துவிடுகிறது.

வீட்டின் குழாய் வழி

தரைத்தளத்தில் படுக்கையறையை ஒட்டி ஒரு வெஸ்டர்ன், பின்கட்டில் ஒரு இந்தியன், மாடியில் ஒரு வெஸ்டர்ன். மூன்றிலிருந்தும் நாலு அங்குல பி.வி.சி. பைப் பக்கத்துச் சந்துக்கு வந்து, அங்குள்ள இரண்டு சேம்பர்களில் (மூடி போட்ட சிறு தொட்டிகளில்) சேர்ந்து, போர்ட்டிகோவுக்கு அடியில் இருக்கும் செப்டிக் டேங்குக்குப் போகிறது. குளியலறைத் தண்ணீரும் அதே வழிதான். டேங்கில் தெளிந்த தண்ணீர், உறை இறக்கிய ஒரு உறிஞ்சுகுழிக்குப் போகிறது.

இந்த வழியை வீட்டுக்காரர் அறிந்திருக்கவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். கொத்தனார் போனதோடு வரைபடமும் போய்விடுகிறது. இங்கே சேம்பர் மூடிகளின் மேல் குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூடிக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடும் வீடுகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை.

செப்டம்பர்

போன் வந்தபோது படுக்கையறை வெஸ்டர்னில் தண்ணீர் விளிம்பு வரை நின்றிருந்தது. அதற்குள் நடந்தவை: மறுபடி மறுபடி ஃப்ளஷ் அழுத்தியிருக்கிறார். பிறகு தள்ளுவண்டியில் வாங்கி வைத்திருந்த ஆசிட்டை ஊற்றியிருக்கிறார். "வேற ஏதாவது போட்டீங்களா சார்?" என்று கேட்டேன். "இல்ல, அம்மா இப்பதான் பிளீச்சிங் பவுடர் எடுத்துட்டு வர்றாங்க, நாத்தத்துக்கு."

அதை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒரு சின்ன வெண்டிலேட்டர் மட்டும் இருக்கும் குளியலறையில், அறுபதைத் தாண்டிய ஒருவர் குனிந்து நின்று அதை இழுத்தால், அடைப்பை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

ஆசிட் பழக்கம் நம் வீடுகளில் ஆழமாக வேரோடியிருக்கிறது. பீங்கானில் படிந்த உப்புக்கறையை அது கரைக்கும், டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்டையும் சேர்த்துக் கரைக்கும். துணி, பிளாஸ்டிக், நாப்கின் எதையும் அது ஒன்றும் செய்யாது. அடைப்பு அப்படியே இருக்க, ஆசிட் மட்டும் டிராப்புக்குள், அதாவது தண்ணீர் நிற்கும் வளைவுக்குள், காத்திருக்கும், அடுத்து அதைத் திறக்கப்போகும் ஆளின் கைக்காகவும் கண்ணுக்காகவும். அடைப்பு எடுக்கப் பாக்கெட்டில் விற்கும் காஸ்டிக் தூளும் அப்படித்தான். சமையலறை சிங்க்கின் எண்ணெய்ப் பிசுக்குக்கு அதில் பலன் உண்டு. நின்ற தண்ணீரில் கொட்டினால் அடியில் போய்ப் படிந்து சூடேறும். ஆசிட் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் கொட்டினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

போனிலேயே சில வேலைகள் சொன்னேன். ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கை மூடுங்கள், படுக்கையறை ஜன்னலைத் திறந்து குளியலறைக் கதவைச் சாத்துங்கள். பின்கட்டு இந்தியனில் ஒரு பக்கெட் தண்ணீரை வேகமாக ஊற்றிப் பாருங்கள், ஊற்றும்போது குளியலறை நாணி டிராப்பில் (தரையில் தண்ணீர் இறங்கும் துளையில்) சத்தம் வருகிறதா என்று அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். தண்ணீர் சளசளவென்று இறங்கியது, நாணி டிராப்பில் சத்தமே இல்லை.

அந்த ஒரு பக்கெட்டிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. பொது வழி திறந்திருக்கிறது. அடைப்பு வெஸ்டர்னுக்குள்ளோ, அங்கிருந்து சேம்பர் வரை உள்ள சிறு பைப்பிலோதான். நேரில் போய்த் தொட்டிகளை நகர்த்திச் சேம்பரைத் திறந்தபோது அதுவே உறுதியானது. உள்ளே தண்ணீர் தேங்கவில்லை. இந்தியனில் ஊற்றிய தண்ணீர் வேகமாக வந்து சேர்ந்தது. வெஸ்டர்ன் பக்கத்துப் பைப் வாயில் நூல் போல ஒரு கசிவு மட்டும்.

ஆசிட் கலந்த தண்ணீரில் நேராகப் பம்பை (கோல் முனையில் ரப்பர் கிண்ணம் மாட்டியது) வைத்து அழுத்தக் கூடாது, தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பழைய மக்கால் பாதிக்கு மேல் மொண்டு, இந்தியனில் நிறையத் தண்ணீரோடு கொட்டினேன். நல்ல தண்ணீர் விட்டு மறுபடி மொண்டேன். ரப்பர் முழுகும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். காற்றை அழுத்தினால் பலம் கிடைக்காது.

டாய்லெட் பம்பில் இரண்டு ரகம் உண்டு. கிண்ணம் போல வெறும் வாயோடு இருப்பது சிங்க்குக்கு. அடியில் இன்னொரு ரப்பர் வளையம் நீட்டிக்கொண்டிருப்பது வெஸ்டர்னுக்கு. அந்த வளையம் துளைக்குள் இறங்கி உட்கார்ந்தால்தான் காற்று தப்பாது. முதல் அழுத்தம் மெதுவாக, உள்ளே உள்ள காற்று வெளியேற. பிறகு ரப்பரைத் துளையை விட்டு எடுக்காமல் தள்ளலும் இழுப்பும். தள்ளுவதில் காட்டும் வேகத்தைப் பலர் இழுப்பதில் காட்டுவதில்லை. இறுகிய பொருளை அசைப்பது பெரும்பாலும் இழுப்புதான்.

காகிதமோ மலமோ என்றால் இத்தோடு உடைந்து "கடகட"வென்று போயிருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சமும் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரும் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டாலும் இளகும். கொதிக்கிற தண்ணீர் மட்டும் வேண்டாம், பீங்கான் விரிசல் விடும். இங்கே நடந்தது வேறு. அழுத்தினால் மட்டம் இறங்கியது, விட்டால் ஏறியது. கால் மணி நேரம் சும்மா விட்டால் தண்ணீர் தானாக மெல்லக் குறைந்தது. தண்ணீரை விட்டு மற்றதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஏதோ ஒரு கெட்டிப் பொருள் குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். இந்தக் கட்டத்தில் பம்பைக் கீழே வைத்துவிட வேண்டும். மேலும் அழுத்தினால் பீங்கானுக்குள் கை எட்டும் தூரத்தில் இருப்பது தரைக்கு அடியில் பைப் வளைவுக்குப் போய்விடும்.

"இதுக்குள்ள ஏதாவது தொங்கவிட்டிருந்தீங்களாம்மா?"

வீட்டம்மா யோசித்தார். "வாசனைக்கு ஒரு நீலக் கூண்டு மாட்டியிருந்தேன். ரெண்டு மூணு நாளா காணோம். வேலை செய்யற அம்மா கழட்டிப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன்."

டாய்லெட்டுக்கென்றே ஸ்பிரிங் கம்பி ஒன்று உண்டு. ஒரு மீட்டர் நீளம், ஒரு முனையில் கைப்பிடி, பீங்கான் கீறாமல் இருக்க வளைவில் ரப்பர் உறை. அதை உள்ளே விட்டுக் கடிகாரச் சுற்றில் திருகிக்கொண்டே போனால், இடித்த இடத்தில் முனை பொருளைக் கொக்கி போட்டுப் பிடிக்கும். பிடித்ததும் அதே சுற்றில் திருகியபடி பின்னால் இழுக்க வேண்டும். இழுத்தபோது வந்தது நீலக் கூண்டின் ஒரு பாதி, அதன் கம்பிகளில் சிக்கிய மாப் நூல், அதில் சுற்றிக்கொண்ட ஈரத் துடைப்பான் ஒன்று. "தண்ணீரில் போகும்" என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் இந்தத் துடைப்பான்கள் காகிதம் போலக் கரைவதில்லை. நாப்கின் இன்னும் மோசம், உள்ளே இருக்கும் ஜெல் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். மறுபாதிக் கூண்டு இரண்டாவது இழுப்பில் வந்தது. இரண்டையும் பொருத்திப் பார்த்த பிறகுதான் ஃப்ளஷ் அழுத்தினோம்.

கம்பி இல்லாதவர்கள் இந்த இடத்தில் பிளம்பரைக் கூப்பிட்டால் தப்பில்லை. அவரிடமும் கம்பி இல்லையென்றால் கிளாசெட்டையே, அதாவது டாய்லெட் பீங்கானையே, கழற்றி, கவிழ்த்து எடுத்து, மறுபடி உட்கார வைத்து வெள்ளை சிமென்ட் பூச வேண்டும். சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்திக் குத்துவது கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு மட்டும் சரி.

நவம்பர்

விட்டு விட்டு நல்ல மழை. மறுபடி போன், அதே வாக்கியம். வீட்டுக்காரர் பம்பைக் கையிலேயே வைத்திருந்தார். செப்டம்பர் அனுபவத்துக்குப் பிறகு ஒன்று வாங்கியிருந்தார். இந்த முறை அதைத் தொட வேண்டாம் என்றேன். காரணம், கேள்விகளுக்கு வந்த பதில்கள். வெஸ்டர்ன் இறங்கவில்லை, பின்கட்டு இந்தியனும் மந்தம். நாணி டிராப்பில் "குடக் குடக்" என்று குமிழி. மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றியபோது கீழே குளியலறைத் தரையில் கறுப்புத் தண்ணீர் மேலேறி வந்திருக்கிறது.

இரண்டு இடம் ஒன்றாக மந்தமானால் அடைப்பு எந்த டாய்லெட்டிலும் இல்லை, எல்லாம் சேர்ந்த பிறகு உள்ள வழியில் இருக்கிறது. அப்போது ஒரு டாய்லெட்டில் பம்ப் அடித்தால் அந்த அழுக்கு நாணி டிராப் வழியாகக் குளியலறைக்குள் வரும். முதல் வேலை, மாடிக் குடும்பத்தைத் தண்ணீர் புழங்காமல் நிறுத்தச் சொல்வது. "மேல எல்லாம் நல்லாத்தான் போகுது அண்ணா" என்றார் மாடி வீட்டுப் பெண். அவர் சொன்னது உண்மைதான். ஒரே வழியில் தண்ணீர் தேங்கினால், எல்லாத் துளைகளிலும் தாழ்ந்தது எதுவோ அதில்தான் வெளியேறும். தரைத்தளத்து நாணி டிராப்தான் அந்தத் துளை. மாடியில் இருப்பவர்களுக்குக் கடைசி வரை தெரியாது.

வீட்டுக்காரர் அதற்குள் ஒரு பிளம்பரை வரவழைத்திருந்தார். வந்தவர் குளியலறைத் தரையைத் தட்டிப் பார்த்து, "டைல்ஸை ஒடச்சுப் பாத்துடலாம் சார்" என்று ஆரம்பித்தார். சேம்பரைத் திறக்காமல் உளியை எடுக்கும் ஆளை அங்கேயே நிறுத்தத் தயங்க வேண்டாம். திறந்தோம். இரண்டு சேம்பரும் மூடி மட்டத்துக்குத் தளும்பின. அதாவது தடை கடைசிச் சேம்பரைத் தாண்டியே இருக்கிறது; டைல்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிளம்பர் உடனே புரிந்துகொண்டார். மூங்கில் பிளாச்சைச் சேம்பரிலிருந்து டேங்க் பக்கம் விட்டார். தடையே இல்லாமல் டேங்க் வரை போய் வந்தது, தண்ணீர் மட்டும் ஒரு விரல்கூட இறங்கவில்லை. "பைப் கிளியரா இருக்கு. டேங்க்தான்" என்றார். அவர் வேலை அதோடு முடிந்தது. முடிந்தது என்று ஒத்துக்கொண்டு கூலியைக் குறைத்து வாங்கிக்கொண்டது அவருடைய நேர்மை.

டேங்க் மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்கக் கூடாது. தள்ளி நின்று, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் விட வேண்டும். பக்கத்தில் பீடியோ தீப்பெட்டியோ கூடாது, உள்ளே மீத்தேன் இருக்கும். திறந்ததும் எல்லோரும் "ஃபுல்லா இருக்கு" என்பார்கள். செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும்; வெளியேறும் பைப்பின் மட்டம் வரை தண்ணீர் நிற்பதுதான் அதன் வேலை முறை. பார்க்க வேண்டியது, தண்ணீர் உள்ளே வரும் பைப்பையும் மூழ்கடித்து நிற்கிறதா என்று. இங்கே மூழ்கடித்திருந்தது. மேலே தடித்த ஏடு ஒன்றும் கட்டியிருந்தது. வீடு கட்டிய நாளிலிருந்து டேங்கை எடுத்ததே இல்லையாம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல்.

கழிவு உறிஞ்சும் லாரி வந்தது. குழாயை இறக்கி இழுத்து முடித்த பிறகு, அடியில் கெட்டியான சகதி மிஞ்சியது. லாரிக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "கொஞ்சம் மேல போட்டுக் கொடுங்க சார், பையன் இறங்கி பக்கெட்ல அள்ளிடுவான். நாத்தமே இல்லையே, கேஸ் எல்லாம் போயிடுச்சு."

பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கையில் வாளி, காலில் ரப்பர் செருப்பு.

நாற்றம் இல்லாதது ஆபத்து இல்லாததற்கு அடையாளம் இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு, அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். சகதியைக் கிளறும்போதுதான் அடியில் அடைபட்ட வாயு வெளியே வரும். உரிய கவசமும் முன்னேற்பாடும் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கியவர் லாரிக்காரரா வீட்டுக்காரரா என்று சட்டம் பார்ப்பதில்லை. சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சமாக வைத்தது, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. வீட்டுக்காரர் இந்தக் கணக்கு எதையும் கேட்கவில்லை. "வேணாம்ப்பா, நீ ஏறு வண்டில" என்று பையனிடம் சொன்னார். தண்ணீர் பீய்ச்சிச் சகதியை இளக்கி லாரியாலேயே மறுபடி இழுத்தார்கள். அடியில் கொஞ்சம் விடுவது நல்லதும்கூட. மழைக்காலத்தில் பிளாஸ்டிக், ஃபைபர் டேங்கைச் சுத்தமாகக் காலி செய்தால் நிலத்தடித் தண்ணீர் அதைத் தூக்கிவிடும்.

டாய்லெட்டுகள் இறங்கின. லாரி போனது. அன்று ராத்திரி மழை பெய்தது. காலையில் டேங்க் மறுபடி நிறைந்திருந்தது.

இங்கேதான் கணக்குப் போட வேண்டியிருந்தது. டேங்க் உள்ளளவு 6 அடிக்கு 4 அடி, தண்ணீர் நிற்கும் ஆழம் 4 அடி. 96 கன அடி, ஏறக்குறைய 2,700 லிட்டர். வீட்டில் 6 பேர். நகரக் குடிநீர்த் திட்ட வடிவமைப்புக்குச் சொல்லப்படும் தலைக்கு 135 லிட்டரை எடுத்துக்கொண்டாலும் நாளைக்கு 810 லிட்டர். ஒரே ராத்திரியில், எல்லோரும் தூங்கும்போது, 2,700 லிட்டரை யார் ஊற்றியது?

மொட்டைமாடிக்குப் போனோம். மழைநீர் இறங்கும் வாயில் நான் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்ற, வீட்டுக்காரர் சந்தில் சேம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, இங்கதான் வருது!" மாடி வேலை நடந்தபோது கொத்தனார், மழைநீர் பைப்பைச் சுருக்கு வழியாகக் கழிவுச் சேம்பரில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். 3 சென்டிமீட்டர் மழைக்கே டேங்க் நிறைந்துவிடும். உறிஞ்சுகுழியோ, நிலத்தடித் தண்ணீர் மேலேறிய மாதத்தில் எதையும் உறிஞ்சும் நிலையில் இல்லை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-இல். இந்த வீட்டிலும் தோட்டத்து மூலையில் ஜல்லி நிரப்பிய ஒரு சேகரிப்புக் குழி இருக்கிறது. அதற்குப் போக வேண்டிய தண்ணீர்தான் மலத்தோடு சேர்ந்து குளியலறையில் எட்டிப் பார்த்திருக்கிறது.

டேங்க் சுவர் வழியாகவும் நிலத்தடித் தண்ணீர் ஊறியிருக்கலாமே என்று பிளம்பர் கேட்டார். நியாயமான சந்தேகம். மொட்டைமாடிப் பைப்பைத் துணி வைத்து அடைத்து, இன்னொரு மழைக்குப் பார்த்தோம். மட்டம் கொஞ்சம் ஏறியது, மூழ்கவில்லை. ஊற்று இருக்கிறது, ஆனால் முக்கியக் குற்றவாளி அது இல்லை.

யாரை எப்போது கூப்பிடுவது

ஒரே டாய்லெட், மற்றதெல்லாம் சரி, உள்ளே கெட்டிப் பொருள் விழுந்ததாக நினைவில்லை: பம்ப் போதும், வீட்டு ஆளே செய்யலாம். தண்ணீர் அசைந்து அசைந்து பழைய இடத்துக்கே வந்தால், பொம்மை, மூடி, கூண்டு என்று விழுந்த பொருள் தெரிந்தால், கிளாசெட் அடியில் ஈரம் கசிந்தால், எடுத்த அடைப்பு சில வாரத்தில் திரும்பினால் பிளம்பர். இரண்டு இடம் சேர்ந்து மந்தமானாலோ நாணி டிராப்பில் குமிழி வந்தாலோ காத்திருக்கவே வேண்டாம். தண்ணீரை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும். வந்ததும் உள்ளே என்ன ஊற்றினோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஆசிட் ஊற்றியதை மறைக்கும் வீடுகளால் கை வெந்த பிளம்பர்கள் உண்டு.

சேம்பரிலிருந்து டேங்க் வரை பைப் திறந்திருந்தும் தண்ணீர் நின்றால், அது பிளம்பர் தீர்க்கும் விஷயம் இல்லை. உரிமம் உள்ள கழிவு லாரியைக் கூப்பிட 14420 என்ற உதவி எண் இருக்கிறது. பாதாளச் சாக்கடை உள்ள சென்னைத் தெருக்களில் வீட்டுக் கடைசிச் சேம்பர் தளும்பினால் தெருக் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். குடிநீர் வாரியத்தின் 1916-க்குப் புகார் சொல்வதுதான் வழி. தெரு மேன்ஹோல் மூடியை நெம்பிப் பார்ப்பது நம் வேலை இல்லை.

இப்போதைய நிலை

மொட்டைமாடிப் பைப் சேகரிப்புக் குழிக்குத் திருப்பப்பட்டுவிட்டது, சேம்பரில் இருந்த பழைய துளையைச் சிமென்ட் வைத்து அடைத்தாயிற்று. குரோட்டன்ஸ் தொட்டிகள் சுவரோரம் போய்விட்டன. பிறகு வந்த மழைகளில் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறவில்லை. உறிஞ்சுகுழி மட்டும் இன்னும் மந்தம்தான். நாள் முழுக்கப் பெய்யும் மழையில் மாடிக் குடும்பம் வாஷிங் மெஷினைப் போடுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறார்கள். இன்னொரு குழி வெட்ட இடம் இருக்கிறதா என்று கோடையில், தரை காய்ந்த பிறகு பார்க்கப் போகிறோம்.